பக்கத்து இருக்கையின் பிரேக்

உங்கள் காரில் எத்தனை பிரேக் இருக்கிறது, தெரியுமா? காலுக்கு ஒன்று, கைக்கு ஒன்று என்பீர்கள். மூன்றாவதும் உண்டு. எதனோடும் இணைக்கப்படாமல், பக்கத்து இருக்கைக்காரரின் காலடியில் கிடக்கிறது.

பல் டாக்டரம்மா ஒருவர் கல்யாணமான நாளிலிருந்து அதைத்தான் மிதித்துக்கொண்டிருந்தார். லைசென்ஸ் அவரிடமும் இருந்தது. ஆனால் அவர் ஸ்டியரிங்கைத் தொட்டால் போதும், "கிளட்ச்", "கண்ணாடி", "இன்டிகேட்டர்" என்று கணவர் ஓதிக்கொண்டே வருவார். நாள் முழுக்க அடுத்தவர் வாயோடு மல்லுக்கட்டுகிறவருக்கு வண்டியிலும் ஒரு வாயா? அலுத்துப்போய் சாவியை அவரிடமே விட்டுவிட்டார்.

கணவர் கல்லூரியில் தர்க்கம் கற்பிப்பவர். எதற்கும் "ஆதாரம் எங்கே?" என்பார். மாணவர்கள் வைத்த பேரே 'ஆதாரம்'. ஊரார் மூடநம்பிக்கைகளைக் கிழித்துத் தொங்கவிட்ட மனிதர், ஒன்றை மட்டும் பத்திரமாக வைத்திருந்தார்: வண்டி விஷயத்தில் பெண்டாட்டி பேச்சு ஆதாரமாகாது.

முதலில் கீச்சென்று ஒரு சத்தம் வந்தது.

"ஏங்க, பிரேக் கத்துது. பட்டறையில ஒரு தடவை காட்டிடலாமே."

"மழையில நனைஞ்சிருக்கும்."

"மழை எங்க பேஞ்சுது?"

"அப்ப தூசி."

சில வாரங்களில் கீச்சு அடங்கி, இரும்போடு இரும்பு உரசும் கரகரப்பு வந்தது.

"பாத்தியா, கத்தறது நின்னுபோச்சு," என்றார் ஆதாரம்.

"வலிக்கிறப்ப வராம, நரம்பு செத்ததும் 'வலி போயிடுச்சு டாக்டர்'னு சிரிச்சுக்கிட்டு வர்றவங்களை தினம் பாக்கறேன். இப்ப வீட்டுலயும் ஒருத்தர்."

"உவமை வாதமாகாது."

"சரி, மிச்ச வாதத்தை ஆஸ்பத்திரியில வச்சுக்கலாம்."

ஒரு சாயங்காலம் மகளைக் கூட்டிவரப் போனார்கள். பள்ளி வாசல் ஒரு சரிவின் அடியில். பிள்ளைகள் கும்பலாகச் சாலையைக் கடந்துகொண்டிருந்தார்கள். ஆதாரம் பிரேக்கை மிதித்தார். பெடல் தரைவரை போய் உட்கார்ந்துகொண்டது. மறுபடி மிதித்தார்.

டாக்டர் இந்தத் தடவை தரையை மிதிக்கவில்லை. "கியரைக் குறைங்க," என்று சொல்லிவிட்டு, கைபிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே இழுத்தார். வண்டி முனகிக் குலுங்கி, ஒரு புத்தகப்பையைத் தொட்டுவிடும் தூரத்தில் நின்றது. அந்தப் பையின் சொந்தக்காரி யார் வீட்டுப் பிள்ளையோ. வண்டி நிற்காமல் போயிருந்தால், கணவர் தேடிக்கொண்டிருந்த ஆதாரம் அந்தப் பிள்ளையாக இருந்திருக்கும்.

மறுநாள் பட்டறைக்காரர் சக்கரத்தைக் கழற்றிக் காட்டினார். "பிரேக் பேட் எங்க சார் இருக்கு? தேஞ்சு வெறும் தகடுதான். பிரேக் ஆயிலும் கசிஞ்சிருக்கு. சத்தம் எதுவும் வரலையா?"

"திடீர்னுதான்..." என்று ஆரம்பித்தார் ஆதாரம்.

டாக்டர் வண்டிக்குள் குனிந்து, தன் இருக்கையின் காலடியில் விரித்திருந்த மிதியடியை உருவிப் போட்டார். வலது குதிகால் படுமிடத்தில் ஓட்டை.

"டிரைவர் பக்கம் புதுசாட்டம் இருக்கே மேடம்," என்றார் பட்டறைக்காரர்.

"மிதிக்க வேண்டியவர் மிதிக்கல. இதையும் மாத்திடுங்க." கணவர் பக்கம் கையை நீட்டினார். "சாவியைக் குடுங்க."

"உனக்கு எதுக்கு?"

"இனிமே நான் ஓட்டறேன். உங்க காலுக்குப் புது மிதியடி வருது."

ஆதாரம் சாவியைக் கொடுத்தார்.

நீங்கள் எழுந்துபோய் உங்கள் காரின் பக்கத்து மிதியடியைத் தூக்கிப் பாருங்கள். தேய்ந்திருந்தால் இன்றைக்கே பட்டறைக்குக் கிளம்புங்கள். ஓட்டுவதற்கு, அதைத் தேய்த்தவரிடம் சாவியைக் கொடுங்கள். வழியில் வாயைத் திறக்காதீர்கள்.