அன்ரனெற்றின் நித்திரைகொண்ட வயிறு

அன்ரனெற் பயப்படாத பொருள் உலகத்தில் இல்லை. லிஃப்ருக்குப் பயந்து புலம்பெயர்ந்து குடியேறிய வோபர்னில் தன் வீடிருந்த ஒன்பதாம் மாடிக்கு நடந்தே ஏறுவாள். பனிக்குப் பயந்து ஆடி மாதத்திலும் கையுறை போட்டவள் என்று சொல்வார்கள்; நான் நம்புகிறேன். ஆனால் தொண்ணூற்று நாலில் அவளைக் கிடுகிடுக்க வைத்தது அவளுடைய வயிறுதான். அது நித்திரையாகிவிட்டது. காலையில் தின்ற இடியப்பம், எழும்ப மறுக்கும் விருந்தாளி மாதிரி, மறுநாளும் உள்ளேயே குந்தியிருக்கும். பிறகு வந்த வழியே வெளியேறும்.

ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்: இரைப்பை அசைவதில்லை, குளிசை மருந்துக்கும் மசிவதில்லை, அடுத்த மாதமும் நிறை குறைந்தால் வயிற்றில் துளைபோட்டுச் சாப்பாட்டுக்குக் குழாய் வைக்க வேண்டும். அன்றிலிருந்து குளியலறைக் குழாயைக் கண்டாலும் அவளுக்கு வியர்த்தது.

தையல் ஆலைச் சிநேகிதி ஒருத்தி மில்லிக்கனில் இருந்த சீன வைத்தியர் லாவிடம் அனுப்பினாள். கணவன் பஸ்ரியன் கூட்டிப்போனான். லாவ் நாடி பார்த்தார், நாக்கைப் பார்த்தார், முழங்காலுக்குக் கீழே ஊசி குத்தினார்.

"வயித்திலை வருத்தமெண்டா காலிலை ஏன் குத்துறார்?" அன்ரனெற் கணவனின் விரல்களை நெரித்தாள்.

"மேல்வீட்டுக்காரர் எழும்பாட்டால் கீழ்வீட்டுக் கதவைத்தானே தட்ட வேணும். பேசாமல் கிடவப்பா."

வேர், பட்டை, காய்ந்த தோடம்பழத்தோல், கோழியின் இரைப்பைத் தோல் எல்லாம் கலந்த மூன்று பொட்டலங்களை லாவ் கொடுத்தார். நாளுக்கு ஒன்று, மூன்று கோப்பைத் தண்ணீர் ஒரு கோப்பையாக வற்ற வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் அன்ரனெற் உதட்டைப் பிதுக்கினாள்.

"உதென்ன கசாயம்? எட்டுக்கு ஒண்டாய் வத்தினாத்தான் கசாயம். எங்கட பாசையூரிலை சின்னப் பிள்ளைக்கும் தெரியும்."

எட்டுக்கு ஒன்றானால் ஒரு பொட்டலத்தில் என்ன மிஞ்சும்? மூன்றையும் ஒன்றாகக் கொட்டினாள். குழாய்ப் பயம் அவளை அவசரப்படுத்தியது. அந்த மணத்துக்கு மேல்மாடிப் பூனை பக்கத்து நகரமான மார்க்கத்துக்கே குடிபெயர்ந்தது. தார் போல மிஞ்சியதைக் கண்ணை மூடிக் குடித்தாள்.

கொஞ்ச நேரத்தில் வயிற்றுக்குள் பாரவண்டி ஒன்று உருண்டது. கை சில்லிட்டது. நெஞ்சு படபடத்தது.

"இஞ்சாருங்கோ! நான் சாகப்போறன். ஃபாதரைக் கூப்பிடுங்கோ!"

பஸ்ரியன் லாவுக்குப் போன் எடுத்தான். விஷயத்தைக் கேட்ட லாவ் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்.

அன்றைக்குத்தான் அன்ரனெற் லிஃப்ரில் ஏறினாள். ஐந்தாம் மாடியில் கதவு திறந்தது. யாரோ மீன் பொரிக்கும் வாசம் உள்ளே வந்தது. வயிறு மறுபடி உறுமியது. அவள் அசையாமல் நின்றாள்.

"என்னப்பா, நோகுதோ?"

"இல்லை..." அவள் வாசம் வந்த பக்கம் திரும்பினாள். "பசிக்குது. ஒரு வருசத்துக்குப் பிறகு பசிக்குது."

ஆஸ்பத்திரியில் இதயத்தைச் சோதித்து, திட்டி அனுப்பினார்கள். அதன்பின் லாவ் கொடுத்த புதுப் பொட்டலங்களில் நாளுக்கு ஒன்று, கோப்பை மூன்று. பஸ்ரியன் அடுப்படியில் காவல் நின்றான்.

அடுத்த மாதம் தராசில் ஏறியபோது அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"குறையேல்லை. கூடவுமில்லை," என்றான் பஸ்ரியன். "குழாய் இப்ப வேண்டாமாம்."

"இப்ப எண்டால்?" என்றாள் அன்ரனெற், இன்னமும் கண்ணை மூடியபடி.