முனீஸ்வரன் குதிரைக்கு நீலக் கண்

சீமைச் சோப்பின் வாசனை எங்கே வந்தாலும் எனக்கு இன்றும் குமட்டும். கோலார் தங்கவயலில் சுரங்கங்கள் ஆழம் போகத் தொடங்கிய காலத்தில், மேனேஜர் பங்களாவுக்கு விருந்தாளியாக வந்திருந்த ஓவியர் துரையின் வாசனை அது. இந்த நாட்டுக் குயவரோடு சேர்ந்து சிற்பம் செய்யவே கப்பலேறி வந்தாராம். என் சித்தப்பாவின் சூளைக்குத் தினமும் வருவார். களிமண்ணில் இரண்டு விரலை வைப்பார். உடனே பட்லர் தண்ணீரும் சோப்பும் நீட்ட வேண்டும். அவர் சேர்ந்து செய்த லட்சணம் அவ்வளவுதான்.

அப்போது சித்தப்பா செய்துகொண்டிருந்தது என் வேண்டுதல் குதிரை. சுரங்கத்தில் பாறை சரிந்து, என் வீட்டுக்காரர் கால் முறிந்து உயிர் தப்பி வந்திருந்தார். முனீஸ்வரனுக்கு மண்குதிரை வைப்பதாக நான் நேர்ந்துகொண்டேன். கால் கூடிய பிறகும், "குதுர கோயில்ல நிக்காம நான் கேஜுல கால வெக்கமாட்டேன்" என்று, சுரங்கத்துக்குள் ஆளை இறக்கும் அந்தக் கூண்டில் ஏற மறுத்து அவர் உட்கார்ந்துவிட்டார். வேலைக்குப் போகாதவனுக்குக் கம்பெனியின் லைன் வீடு கிடையாது. வீட்டைக் காலி செய்யச் சொல்லி மேஸ்திரி வந்து வந்து மிரட்டிவிட்டுப் போனார்.

துரை குதிரையின் கழுத்தை வளைக்கச் சொன்னார், சித்தப்பா வளைத்தார். வாலைத் தூக்கச் சொன்னார், தூக்கினார். எல்லாவற்றுக்கும் பல்லைக் காட்டிக்கொண்டு, "தொர சொன்னா சரிதாங்க" என்பார். துரையைவிட அந்த இளிப்புதான் எனக்கு அதிக அருவருப்பாக இருந்தது.

சூளையிலிருந்து எடுத்ததும் குதிரைக்குக் கண் எழுத மாட்டார்கள். குயவர் விரதமிருந்து, கோயிலில் நிறுத்தி, எதிரில் கண்ணாடி பிடித்துத்தான் கண் திறப்பார். அதுவரை அது வெறும் மண். அதற்குப் பிறகு சாமியின் வாகனம். கண்ணில்லாத குதிரையைப் பார்த்த துரை, தமக்காகத்தான் அந்த இடத்தை விட்டுவைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். பூட்ஸ் காலோடு, வாயில் சுருட்டோடு, இரண்டு நீலக் கண்களை எழுதிவிட்டார். வயிற்றில் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

செய்தி கேட்டு நான் ஓடியபோது, குதிரைக்கு வைக்கோல் சுற்றிப் பெட்டியில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். சீமைக்குப் போகிறதாம். சித்தப்பாவும் ஒரு கை கொடுத்துக்கொண்டிருந்தார்.

"கண்ணு தொறந்தத ஊரு தாண்ட விடலாமா சித்தப்பா? இப்டி கெட்டுப்போனா ஒடச்சி ஏரியில போடறதுதானே மொற?"

"இன்னாம்மா பண்றது, பங்களா ஆளாச்சே. உனக்கு வேற ஒண்ணு செஞ்சி தரேன்."

கண் திறந்தது முழுசாக இருக்கும்வரை அதே வேண்டுதலுக்கு இன்னொன்று செல்லாது. அது அவருக்கும் தெரியும்.

பக்கத்து வீட்டு உலக்கையை எடுத்துவந்தேன். முதல் அடியில் கழுத்து போனது. சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டார். வேலை போகும், வீடு போகும், போலீசும் வரும் என்று தெரிந்தேதான் அந்த நீலக் கண்கள் தூளாகும்வரை அடித்தேன்.

பெட்டியருகே நின்றிருந்த துரை கத்தவில்லை. பட்லரிடம் ஏதோ சொன்னார். பட்லர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "ஒலக்கய அப்டியே ஓங்கிப் புடிச்சிக்கினு நிக்கணுமாம், யக்கா. படம் எழுதணுமாம்."

துரை புகார் கொடுக்கவில்லை; போலீசும் வரவில்லை, வேலையும் போகவில்லை. பிறகு சித்தப்பா விரதமிருந்து வேறு குதிரை செய்தார். அது கோயிலில் நின்ற பிறகே என் வீட்டுக்காரர் கேஜில் ஏறினார். இன்று அந்தக் கோயில் வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைய வேண்டும், நிறைவதில்லை. சீமையில் எந்தச் சுவரிலோ நான் உலக்கையோடு தொங்கிக்கொண்டிருக்கிறேன், யாரோ நின்று ரசிக்கிறார்கள் என்றுதான் நினைப்பு ஓடுகிறது. அன்று அந்த மனிதரின் காலடியில் காறித் துப்பினேன். அவர் பூட்ஸை மட்டும் சற்று நகர்த்திக்கொண்டு, தொடர்ந்து வரைந்தார்.