மாப்பிள்ளைக்குப் போன டிசைன்

பட்டுப்புடவைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடும் தொழிலில் வரைவது பாதி வேலை. வரைந்ததை ஊரே நெய்யாமல் பார்த்துக்கொள்வது மீதி வேலை, அதில் மட்டும் நான் இன்னும் பாஸாகவில்லை. பாட்டு போடுகிறவர்கள், படம் எடுக்கிறவர்கள் எல்லோருக்கும் இதே வயிற்றெரிச்சல் உண்டு என்பதால் உங்களிடம் தைரியமாகப் புலம்புகிறேன்.

ஆரணியில் ஒரு பட்டு முதலாளிக்காக நாற்பது நாள் உட்கார்ந்து மாதுளங்கொடி முந்தானை வரைந்தேன். எனக்கு வரும் வேலையில் முக்கால்வாசி அவருடையது. ஃபைலை வாங்கும்போதே சொல்லிவிட்டார்: "தீபாவளி வரைக்கும் வேற யாரும் இதை நெய்யக் கூடாது. வெளிய போச்சுன்னா என் கடைப் பக்கம் வராதம்மா."

வந்தவாசியில் மாதுளை

ஆவணி முகூர்த்தத்துக்கு வந்தவாசி போயிருந்தேன். ஒரு ஜவுளிக்கடைக் கண்ணாடிக்குள் என் மாதுளங்கொடி தொங்கியது. திருடினால் பிடிக்கலாம் என்று ஒரே ஒரு மாதுளைக்குக் காம்பு வைக்காமல் விட்டிருந்தேன். உள்ளே போய்த் தேடினேன், அதுவும் அப்படியே இருந்தது.

"பாரும்மா, இதுக்கு மட்டும் காம்பு இல்ல!" என்று விற்கிற பெண்ணிடம் வெற்றியோடு காட்டினேன். அவள் குனிந்து பார்த்தாள். "ஆமாங்கக்கா, டேமேஜுதான். கொஞ்சம் கம்மி பண்ணச் சொல்றேன், எடுத்துக்கிறீங்களா?"

ஆடிச் சீர்

முதலாளியை விட்டால், ஃபைல் என்னிடமும் அவருக்காக அதை நெய்த காசி அண்ணனிடமும் மட்டும்தான் இருந்தது. நேராகக் காசி அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் மறைக்கவே இல்லை. அவருடைய தேவிகாபுரத்து மாப்பிள்ளைக்கும் தறி இருக்கிறது. ஆடிக்கு வந்தவர் டிசைனைப் பார்த்து ஆசைப்பட்டிருக்கிறார். போனிலிருந்து போனுக்கு ஏறிவிட்டது. மாப்பிள்ளையிடமிருந்து அவர் அண்ணனுக்கு, அண்ணனிடமிருந்து சிநேகிதனுக்கு, அப்படியே வந்தவாசிக்கு.

கத்தலாம் என்றுதான் போனேன். அவர் மோர் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "பொண்ணையே குடுத்த எடத்துல, டிசைனைக் குடுக்க மாட்டேன்னு எப்டி தங்கச்சி சொல்றது?"

ஸ்டேஷனில்

கோபம் ஆறாமல் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். ஏட்டையா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். திருட்டுப் போனதைக் காட்டச் சொன்னார். லேப்டாப்பைத் திறந்து காட்டினேன். அவர் பேனாவை மூடிவிட்டார்.

"களவு போன பொருளு உங்கிட்டயே இருக்குதேம்மா. நான் இன்னான்னு எழுதறது?"

வக்கீல் கேட்ட கேள்வி

வக்கீலுக்கு விஷயம் புரிந்தது. நோட்டீஸ் விடலாம் என்றார். அப்புறம், டிசைன் போட்ட சாஃப்ட்வேருக்கு பில் இருக்கிறதா என்று கேட்டார். அது டொரண்டில் இலவசமாக இறக்கியது. டொரண்ட் எப்படி வேலை செய்கிறது என்பதையும் அவர்தான் சொன்னார். நாம் இறக்கிய ஃபைலை, நிறுத்தாமல் விட்டால், நம் கம்ப்யூட்டரே கேட்டவர்களுக்கெல்லாம் அனுப்பிக்கொண்டிருக்குமாம். நான் நாலு வருஷமாக நிறுத்தவே இல்லை.

"அவராவது மாப்பிள்ளைக்குக் குடுத்தாரு. நீங்க மொகம் தெரியாதவனுக்கெல்லாம் குடுத்துகினு இருக்கீங்களேம்மா!"

முதலாளியின் தீர்ப்பு

வேறு யார் வாயிலிருந்தாவது அவர் கேட்பதற்குள் நானே சொல்லிவிடலாம் என்று முதலாளியிடம் போனேன். டொரண்ட் வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னேன். பயத்தைவிட வெட்கம்தான் அதிகம். பேச்சு முடிவதற்குள் அழுதுவிட்டேன். காசி அண்ணன் அளவுக்குச் சுத்தமாக நெய்ய அவரிடம் வேறு ஆள் இல்லை என்பது அவருக்கும் தெரியும்.

"அழுவாத. வேற ஒண்ணு வரை. தீபாவளிக்கு மாப்பிள்ளை வந்துட்டுப் போவட்டும், அப்புறம் காசி தறியில ஏத்தட்டும். பொங்கலுக்கு அவரு வர்றதுக்குள்ள ஜல்தியா வித்துடலாம்."

ஆக, எங்கள் தொழிலில் காப்புரிமையின் ஆயுள், ஒரு மாப்பிள்ளை விருந்துக்கும் அடுத்த மாப்பிள்ளை விருந்துக்கும் நடுவில் இருக்கிற நாட்கள்தான்.