கொம்பில் மயிலிறகு எழுதுகிறவள்

"ஆடாத நில்லு நைனா, மூஞ்சில பட்டுக்கப் போவுது" என்று எருதிடம் சொல்லிக்கொண்டே இடது கையால் கொம்பின் அடியைப் பிடித்துக்கொள்வாள் கன்னியம்மாள். வலது கையில் நுனி நசுக்கிய ஈச்சங்குச்சி. பொங்கல் நெருங்கினால் கே.ஜி.கண்டிகையில் அவள் வாசலில் மாடுகள் வரிசை கட்டி நிற்கும். மற்றவர்கள் கொம்புக்குப் பெயிண்ட் அடிப்பார்கள்; இவள் எழுதுவாள். அடியில் மஞ்சள் வளையம், அதன்மேல் அலை, நுனிவரை மயிலிறகு. எழுபத்தொன்றில் தேர்தல் நெருங்கியபோது கட்சிக் கலர் கேட்டு வந்தவர்களை, "மாட்டுக்கு இன்னா ஓட்டா கீது? வேற ஆளப் பாருய்யா" என்று விரட்டிவிட்டாள்.

இத்தனைக்கும் ஒரு காலத்தில் மாட்டு மணிச் சத்தம் கேட்டாலே கதவைச் சாத்திக்கொண்டவள். கழனியிலிருந்து திரும்பும்போது பஸ் ஆரனுக்கு மிரண்ட வீட்டுச் செவலைக் காளை, கயிற்றைப் பிடித்திருந்த அவள் புருஷன் வேடியப்பனை வயிற்றில் குத்திவிட்டது. அவள் கண்ணெதிரே நடந்தது. திருத்தணி ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் உயிர் போய்விட்டது. காளையைத் தரகனிடம் தள்ளிவிட்டார்கள். கொம்பு மட்டும் அவளை விட்டுப் போகவில்லை. சோற்றில் கை வைத்தால் அது, கண்ணயர்ந்தால் அது.

ஒருநாள் அடுப்புக்கரியை எடுத்துச் சமையற்கட்டுச் சுவரில் அந்தக் கொம்பை வரைந்தாள். பேய்தான் பிடித்துவிட்டது என்று ஓரகத்தி கோமளவல்லி சுண்ணாம்படித்து மறைத்தாள். இவள் மறுபடியும் வரைந்தாள். "கண்ண மூடுனா குத்த வந்துகினே இருந்திச்சிக்கா. செவுத்துல எழுதிட்டா அங்கியே நிக்குது, என்கிட்ட வர்ல."

பிறகு காவி வந்தது, துணிக்குப் போடும் நீலம் வந்தது. கரியாய் மிரட்டிய கொம்பில் ஒருநாள் மயிலிறகு முளைத்தது. அன்றைக்குத்தான் அவள் வயிறாரச் சாப்பிட்டாள் என்பாள் கோமளவல்லி. அடுத்த பொங்கலுக்கு, நடுங்கிக்கொண்டே வீட்டுக் கன்றின் மொட்டுக் கொம்பில் ஒரு வளையம் போட்டாள். "தாலியறுத்த கை நல்ல நாள்ல மாட்டு மேல படலாமா?" என்று ஊர் முணுமுணுத்தது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? ஆனால் எழுதிய கொம்பைப் பார்த்த பிறகு அதே ஊர்தான் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்து அவள் வாசலில் நின்றது.

அந்தத் தேர்தலுக்கு அடுத்து வந்த பொங்கலுக்குக் கனகம்மாசத்திரத்திலிருந்து தேசப்பன் ஒரு காளையைக் கொண்டுவந்தார். சிவந்த உடம்பு, கிழிந்த இடது காது. சந்தையில் வாங்கியவர், அவருக்கு ஒன்றும் தெரியாது. கோமளவல்லிதான் ஓடிவந்தாள். "ஐயோ, நம்ம செவலடி இது! ஓட்டிகினு போவச் சொல்லு!"

கன்னியம்மாளுக்குத் தெரியாதா? கையிலிருந்த குச்சி கீழே விழுந்துவிட்டது. விஷயம் புரிந்ததும் தேசப்பன் பதறிக் கயிற்றை இழுத்தார். "தெரியாத வந்துட்டேன் தாயி..."

"இருங்க" என்றாள். குனிந்து குச்சியை எடுத்தாள். "அது இன்னா பண்ணும், பயந்துகினு குத்திச்சி. நானும் பயந்துகினுதான கெடந்தேன்."

இடது கொம்பை முடித்தாள். அடுத்து, குத்திய வலது கொம்பு. அதன் அடியை இறுக்கிப் பிடித்து, இறகின்மேல் இறகாக எழுதிக்கொண்டே போனாள். அப்படியொரு தோகையை அந்த ஊர் அதற்குமுன் பார்த்ததில்லை. பார்த்தவர்களுக்குக் கும்பிடத் தோன்றியது. கடைசியாக நுனியில் நீலக் கண் வைத்தாள். பிறகு அந்த நுனியைத் தன் முகத்தருகே இழுத்துப் பிடித்து, வர்ணம் காயட்டும் என்று வாயால் மெல்ல ஊதினாள்.