சாப்பாட்டுப் பந்தியும் தீயணைப்பு வண்டியும்

எங்கள் தொலைக்காட்சி நிலையம் ஜெர்மனியில் லைப்சிக் நகருக்கு அப்பால் ஒரு சின்ன ஊரில், பேக்கரிக்கு மேலே இரண்டு அறைகளில் இருக்கிறது. அதன் ஒளிபரப்பு ஆற்றுப் பாலம் வரைதான் எட்டும். பாலத்துக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களைப் பொறுத்தவரை எங்கள் செய்தி எதுவும் நடக்கவே இல்லை. வெள்ளிக்கிழமை மாலை அரைமணி நேர நிகழ்ச்சி ஒன்று போடுவோம். அடுத்த வெள்ளி வரை அதுவே மணிக்கொரு தடவை ஓடும். முதலாளி அறுபது வயது ஜெர்மன் பெண்மணி. செய்தி வாசிப்பதும் அவர், விளம்பரம் பிடிப்பதும் அவர், பூச்சாடிக்குத் தண்ணீர் ஊற்றுவதும் அவர்தான்.

என்னைக் கமராவுக்கு எடுத்தார். ஆறு மாதம் தகுதிகாண் காலம். என் தகுதி, எசன் நகரில் இருபது வருடம் எங்கள் ஈழத்து ஆட்களின் கலியாணமும், பிள்ளைகள் பெரியவளானால் வைக்கும் சாமத்திய வீடும் படம் பிடித்தது. மனைவிக்கு எசனை விட்டு வர விருப்பமே இல்லை.

“ஆறு மாசம் பாப்பன். கதைக்க ஒரு சனம் இல்லாட்டி நான் திரும்பிப் போயிடுவன். நீங்கள் விரும்பினால் இருங்கோ.”

பகிடி போலத்தான் சொன்னாள். பகிடி இல்லை என்று தெரிந்ததால் எனக்குப் பயமாக இருந்தது.

ஐந்தாம் மாதம் முதலாளி காய்ச்சலில் படுத்துவிட்டார். ஊர்த் தீயணைப்பு நிலையத்துக்குப் புது வண்டி வந்த விழாவுக்கு நானே போனேன். கமராவின் முக்காலி தூக்க மனைவி கூட வந்தாள். இப்படியான செய்திக்கு ஒன்றரை நிமிடம் போதும்: வண்டி, மேயர், கைதட்டல். ஆனால் இருபது வருடப் பழக்கம் விடுமா? எங்கள் கலியாண வீட்டுப் பந்தியில் ஒருவரைத் தவறவிட்டால், “ஏன் எங்களை எடுக்கேல்லை?” என்று பேரப்பிள்ளை காலம் வரை கதை வரும். வாசலில் தொடங்கி உருளைக்கிழங்கு சாலட் மேசை வரை முகத்துக்கு மூன்று செக்கன் பிடித்தேன். சொசேஜ் கடிப்பவர், கடித்துவிட்டு வாய் துடைப்பவர், எல்லாரும். மேயருக்கு மூன்று செக்கன், மேயரின் நாய்க்கும் மூன்று செக்கன். புது வண்டி ஒரு மூலையில் பாதி தெரிந்தது.

பதினெட்டு நிமிடம் வந்தது. யாரை வெட்டுவது? எல்லாரும் பாவமாகத் தெரிந்தார்கள். அப்படியே போட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை முதலாளி கழுத்தில் சால்வையோடு வந்தார். “வண்டி எங்கே?” என்றார். நான் பதில் சொல்வதற்குள் தொலைபேசி அடித்தது. பிறகு அடித்துக்கொண்டே இருந்தது. ஒருவருக்குப் பிரதி வேண்டும், மீன்பிடிக் கழக விழாவுக்கு அடுத்த மாதம் நான்தான் வரவேண்டும். பின்னேரம் முதலாளி நிரந்தர வேலைக்கான கடிதத்தைத் தந்தார். “திட்டத்தான் வந்தேன், நேரம் கிடைக்கவில்லை” என்றார்.

கடிதத்தோடு வீட்டுக்கு ஓடினேன். மனைவி தொலைக்காட்சியை விட்டுத் திரும்பவில்லை.

“நல்லது. ஊர் முழுக்க எடுத்தனீங்கள். நாயும் வந்திருக்கு. நான் எங்கை?”

கலியாண வீடுகளிலும் எனக்கு லைட் பிடித்தது அவள்தான். அந்தக் கசெட்டுகள் ஒன்றிலும் அவள் இல்லை. இருபது வருடத்தில் அது எனக்குத் தோன்றியதே இல்லை என்பது வெட்கமாக இருந்தது.

மறுநாள் ஒரு முதிய பெண் நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தார். குரலில் கோபம்.

“விழாவில் மழை தூறியபோது உங்களோடு வந்த பெண் தன் குடையை எனக்குத் தந்தாள். நாலு நாளாகப் பார்க்கிறேன், அவளை மட்டும் காணவில்லை. ஏன் வெட்டினீர்கள்? குடை என்னிடம் இருக்கிறது. கோப்பி குடிக்க வரச் சொல்லுங்கள்.”

வீட்டில் போய்ச் சொன்னேன். மனைவி, “எந்த வீடாம்?” என்று கேட்டுக்கொண்டே செருப்பை மாட்டினாள். நானும் எழுந்தேன். “நீங்கள் வேண்டாம், இருங்கோ” என்றாள்.

மூன்று மணித்தியாலம் கழித்து வெறுங்கையோடு வந்தாள்.

“குடை எங்கை?” என்றேன்.

“அங்கைதான் இருக்கு. வியாழக்கிழமையும் வரச் சொன்னவா. அப்ப எடுக்கலாம்.”