டிரெசரின் பால் டின்

ஜப்பான்காரன் காலத்தில் காஜா பெராங் என்ற ஊரில் ஒரு ஆஸ்பத்திரி டிரெசர் இருந்தார். ஒல்லியான மனிதர். கையில் எப்போதும் ஒரு பால் டின், அதில் கொழுத்த தென்னை வண்டுப் புழுக்கள். மரவள்ளிக்கிழங்கோடு வறுத்துத் தின்னத்தான் என்று நினைத்திருந்தேன்.

காலில் புண் சீழ் வைத்து, காலையே எடுத்துவிடுவார்களோ என்று நான் பயந்துகிடந்தபோது கட்டுப்போட வந்தார்.

“இந்தப் புழு அழுகல்லயே கிடக்குது, இதுக்கு மட்டும் ஏன் சீழ் பிடிக்கல?” என்றபடி, என் சீழில் தோய்த்த ஊசியால் ஒரு புழுவைக் குத்தினார்.

நான்கு நாள் கழித்து டின்னோடு ஓடி வந்தார். “பாருங்கண்ணே! குத்துன இடத்துல ஒரு கறுப்புப் புள்ளி, அவ்வளவுதான். ஜம்முனு நெளியுது!”

“என்ன மருந்து போட்டீங்க?”

“மருந்துக்கு நான் எங்க போவேன்? அது உடம்பே செஞ்சுக்குது!”

என் புண்ணும் ஆறி, கறுப்பாய் ஒரு தழும்பு நின்றுவிட்டது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவர் முன்னால் போய் ஒருமுறை நெளிந்து காட்ட ஆசையாக இருக்கிறது.