வாசலில் ஒரு வெருளி

மகள் ஹலோவீனுக்கு வாசலை அலங்கரிக்கச் சொன்னாள். போன வருடம் பேய் வேடத்தில் இனிப்புக் கேட்டு வந்த பிள்ளைகள், எங்கள் வாசலில் அலங்காரம் இல்லாததால் பக்கத்து வீட்டோடு திரும்பிவிட்டார்கள். அவளுக்கு அது பெரிய கவலை.

என் பழைய வேலைச் சட்டைக்குள் முயலுக்குப் போடும் வைக்கோலை அடைத்தேன். அந்த வாசத்தில் யாழ்ப்பாணத்து வீடு நினைவுக்கு வந்தது. சுவர் பாதி எழும்பிய வீடு. கண்ணூறு படாமலிருக்க ஐயா இப்படித்தான் வெருளி கட்டினார். பழைய பானையைத் தலையாகக் கவிழ்த்துச் சுண்ணாம்பு பூசினார். முதுகெல்லாம் வைக்கோல் ஒட்டியிருக்க, கரியால் முகம் கீறினார். கோரமாகக் கீறத்தான் பார்த்தார். அது சிரித்தது.

"இது கண்ணூறு கழிக்கவோ, ஆக்களை வாங்கோ எண்டு கூப்பிடவோ?" என்று அம்மா கேட்டார்.

"சிரிச்சுக்கொண்டு போறவன்ர கண் படாதப்பா" என்றார் ஐயா.

"அப்பா, பயங்கரமாக் கீறுங்கோ. அப்பத்தான் பிள்ளையள் வருவினம்" என்றாள் மகள், தலைக்கு வைத்த பூசணிக்காயைக் காட்டி.

"ஊரில ஆக்களைத் துரத்தத்தான் இதை வைக்கிறது."

"இஞ்ச கூப்பிடுறதுக்கு."

நான் கீறிய முகமும் பல்லைக் காட்டிச் சிரித்தது. அப்படியே வாசலில் இருத்தினேன்.

பொழுதுபட மணி அடித்தது. மகள் இனிப்புக் கிண்ணத்தோடு விழுந்தடித்து ஓடினாள். இரண்டாம் முறை அடித்தபோது அவள் ஓடவில்லை. வீட்டுக்காரி மாதிரி ஆறுதலாக நடந்து போனாள்.